பிரோகர் தீபகற்பம்: ஒரு சிறு துருவ நிலத்தில் பனியை வகைபிரித்து அறிதல்

பூமியின் வட முனைக்கு அருகே ஒரு சிறிய தீபகற்பமும், தென் முனைக்கு அருகே இன்னொரு சிறிய தீபகற்பமும் இருக்கின்றன. முதலாவது, நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பிரோகர் தீபகற்பம். இரண்டாவது, அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில் உள்ள ஹட் பாயிண்ட் தீபகற்பம். முன்னதில் அமைந்த நி-ஓலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பு வட அட்சரேகை 78°55′இல் இருக்கிறது. பின்னதில் அமைந்த அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையம் தென் அட்சரேகை 77°51′இல் இருக்கிறது. இரண்டும் கடல் மட்டத்தை ஒட்டியவை. துருவத்துக்கு ஒரு படி அருகில் இருப்பது நி-ஓலெசுண்ட்தான். ஆனால் அங்கே ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேலே 5 பாகை செல்சியஸை எட்டுகிறது. மெக்மர்டோவில் கோடையின் உச்சமான ஜனவரியில்கூடச் சராசரி உறைநிலைக்குக் கீழேதான் நிற்கிறது. குளிர்காலத்தில் இடைவெளி இன்னும் பெரிது. நி-ஓலெசுண்டில் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி மைனஸ் 13 பாகை அளவில் இருக்க, மெக்மர்டோவில் மைனஸ் 26 பாகை வரை இறங்குகிறது.

துருவப் பகுதி என்றாலே எங்கும் ஒரே பனி, ஒரே குளிர் என்று பேசிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு புதிராகத் தோன்றும். 'துருவப் பனி உருகுகிறது, கடல் மட்டம் உயர்கிறது' என்ற ஒரே வரியில் பல தனித்தனி நிகழ்வுகளை அடைத்துப் பேசும் செய்திகளும் குழப்பத்தை வளர்க்கின்றன. நிலத்தின்மேல் குவிந்த பனி, கடல்நீர் உறைந்த பனி, மண்ணுக்குள் உறைந்த பனி ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் உருவாகி, வெவ்வேறு காரணங்களால் அழிந்து, வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றன. இவற்றைப் பிரித்தறியாதவரை ஒரு துருவ நிலப்பகுதியின் வரைபடத்தைக்கூட நம்மால் சரியாகப் படிக்க முடியாது. மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடக்கூடிய அளவுக்குச் சிறிய இடம் பிரோகர் தீபகற்பம் என்பதால், அதையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

### எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது?

ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். அதன் வடமேற்குக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நிலத்துண்டுதான் பிரோகர் தீபகற்பம். நீளம் சுமார் 20 கிலோமீட்டர். அகலம் சுமார் 10 கிலோமீட்டர். நார்வேயைச் சேர்ந்த நிலவியலாளர் வால்டெமார் கிறிஸ்டோபர் பிரோகரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. வட துருவப் புள்ளி இங்கிருந்து ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

தீபகற்பத்தின் வடக்கு எல்லை காங்ஸ்ஃபியோர்டு. ஃபியோர்டு என்பது, முற்காலத்தில் பனியாறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கில் பின்னாளில் கடல் புகுந்து உண்டான, நீண்டு குறுகிய கடற்கழி. மேற்கே ஒரு நீரிணையும், அதற்கு அப்பால் பிரின்ஸ் கார்ல் ஃபோர்லாண்ட் என்ற நீளமான தீவும் உள்ளன. தீபகற்பத்தின் நடுவில் மலைகள். மலைகளுக்கு இடையில் சிறிய பனியாறுகள். கரையோரமாகத் தாழ்ந்த சமவெளி. அந்தச் சமவெளியின் வடகரையில் நி-ஓலெசுண்ட் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1916 அளவில் தோன்றிய இந்த ஊர், 1962 நவம்பரில் 21 தொழிலாளர்களைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு சுரங்கத்தை மூடிவிட்டு, படிப்படியாகப் பல நாடுகளின் ஆய்வூராக மாறியது. அந்த விபத்தைப் பற்றிய விசாரணை 1963இல் நார்வே அரசையே கவிழ்த்தது. இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 ஜூலை 1ஆம் நாள் இங்கேதான் திறக்கப்பட்டது.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேலே எழுவதில்லை. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிப் பகுதி வரை மறைவதும் இல்லை.

### அட்சரேகை மட்டும் குளிரைத் தீர்மானிப்பதில்லை

ஓர் இடத்தின் வெப்பம் அங்கே விழும் வெயிலை மட்டும் பொறுத்தது அல்ல. வேறிடத்தில் விழுந்த வெயிலின் வெப்பத்தைக் காற்றும் கடலும் சுமந்து வந்து சேர்க்கின்றன. பிரோகர் தீபகற்பத்துக்கு இந்த வேலையைச் செய்வது மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம். அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர், நார்வேயின் கரையோரமாக வடக்கே ஏறி, அதன் ஒரு கிளை ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்கு விளிம்பை ஒட்டித் துருவப் பெருங்கடலுக்குள் போகிறது. இந்த நீர் அங்கே வந்து சேரும்போது நம் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும்; ஆனாலும் அது உறைநிலையைவிடச் சில பாகைகள் கூடுதலான வெப்பம் உடையது. ஒரு லிட்டர் நீரில் அடங்கும் வெப்பம் ஒரு லிட்டர் காற்றில் அடங்குவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் என்பதால், அந்தச் சில பாகைகளே ஒரு கரையின் தட்பவெப்பத்தை மாற்றப் போதுமானவை. ஸ்வால்பார்டின் மேற்குக் கடல் நடுக்குளிர்காலத்திலும் பெரும்பாலும் உறையாமல் திறந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

காங்ஸ்ஃபியோர்டின் அமைப்பு இதற்கு மேலும் துணைபுரிகிறது. பல ஃபியோர்டுகளின் வாயிலில், பழைய பனியாறு தள்ளிவிட்டுப்போன மண்ணும் பாறையும் நீருக்கடியில் ஒரு தடுப்பாக உயர்ந்திருக்கும். வெளிக்கடலின் ஆழத்து நீர் அதைத் தாண்டி உள்ளே வருவது கடினம். காங்ஸ்ஃபியோர்டின் வாயிலில் அப்படிப்பட்ட உயர்ந்த தடுப்பு இல்லை. மாறாக, கடலடியில் ஓர் ஆழமான பள்ளம் வெளிக்கடலையும் ஃபியோர்டையும் இணைக்கிறது. ஆகவே காற்றும் நீரோட்டமும் ஒத்துழைக்கும் காலங்களில் அட்லாண்டிக் நீர் நேரே உள்ளே பாய்ந்துவிடுகிறது. 2005-06 குளிர்காலத்தில் இது பெரிய அளவில் நடந்தது. அதன்பின் வந்த பல குளிர்காலங்களில் ஃபியோர்டு முன்போல் உறையவில்லை.

இந்த நீரின் வரவை ஆண்டு முழுவதும் அளப்பதற்காக, 2014 ஜூலையில் 'இந்த்ஆர்க்' என்ற மிதவை ஆய்வுக்கருவித் தொகுதியை இந்தியா காங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுவியது. அதை உருவாக்கியதில் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. மேலே கடல் உறைந்தாலும் இருள் சூழ்ந்தாலும் நீரின் வெப்பத்தையும் உப்பளவையும் நீரோட்டத்தையும் இத்தகைய கருவிகள் பதிவுசெய்துகொண்டே இருக்கும்.

அண்டார்க்டிகாவில் நிலைமை நேர்மாறானது. அது கடலால் சூழப்பட்ட கண்டம். அதைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் சுழலும் பெரும் நீரோட்டம், வடக்கேயிருந்து வெப்பநீர் எளிதில் நெருங்கவிடாமல் தடுக்கிறது. கண்டத்தின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் தடித்து உயர்ந்த பனிப்போர்வையிலிருந்து குளிர்ந்த, கனத்த காற்று கரையை நோக்கி வழிந்து இறங்குகிறது. ஹட் பாயிண்ட் தீபகற்பத்தில் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்க மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம் போன்ற ஒன்று இல்லை.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: துருவத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ள இரு நிலங்களில் ஒன்று மிதமாகவும் மற்றொன்று கடுமையாகவும் குளிர்வதற்குக் காரணம், அங்கே வந்து சேரும் கடல்நீரும் காற்றுமே. ஆகவே துருவ நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதற்கு வெப்பம் எந்த வழியாக வருகிறது என்பதுதான்.

### நிலத்தின்மேல் உள்ள பனி: பனியாறு

பனியாறு என்பது, பல ஆண்டுகளாக விழுந்த பனிப்பொழிவு ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி இறுகிக் கட்டிப்பனியாகி, தன் எடையாலேயே மெல்ல நகரத் தொடங்கிய பனித்திரள். கட்டிப்பனி எப்படி நகரும் என்ற ஐயம் எழுவது இயல்பு. கெட்டியாக அரைத்த மாவைப் பலகையில் குவித்து வைத்தால், யாரும் தொடாமலேயே அது தன் பாரத்தால் அடியில் அகன்று பரவுவதைச் சமையலறையில் பார்த்திருப்போம். பனியும் சில பத்து மீட்டர்களுக்கு மேல் தடிக்கும்போது அதன் அடிப்பகுதி உடையாமலேயே உருமாறி நகர்கிறது. அடியில் உருகுநீர் இருந்தால், பாறையின்மேல் வழுக்கியும் செல்கிறது. மேற்பகுதி மட்டும் நெகிழாமல் பிளக்கிறது; மலையேறுவோர் அஞ்சும் ஆழமான பிளவுகள் அப்படி உண்டானவையே.

ஒரு பனியாறு வளர்கிறதா தேய்கிறதா என்பதை அதன் முனை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. குளிர்காலத்தில் சேர்ந்த பனி எவ்வளவு, கோடையில் இழந்தது எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கிட வேண்டும். இந்த வரவு செலவுக் கணக்குக்குப் பனிநிறைச் சமநிலை என்று பெயர். பிரோகர் தீபகற்பத்தின் கிழக்கு பிரோகர் பனியாறு, நடு லோவென் பனியாறு ஆகிய இரண்டிலும் நார்வே துருவக் கழகம் இந்தக் கணக்கை 1960களின் பிற்பகுதியிலிருந்து தொடர்ந்து எடுத்து வருகிறது. துருவ வட்டாரத்தில் இவ்வளவு நீண்ட, இடையறாத அளவீடுகள் மிகச் சிலவே. பனியில் கம்பு நட்டு, அது எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஆண்டுதோறும் அளந்து எழுதும் இந்த எளிய, சலிப்பூட்டக்கூடிய வேலையைத் தலைமுறை மாறியும் கைவிடாமல் செய்தவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கணக்கு காட்டுவது இதுதான்: மிகச் சில ஆண்டுகளைத் தவிர, செலவே வரவைவிட அதிகம்.

இங்கே இரு வகைப் பனியாறுகளைப் பிரித்தறிய வேண்டும். தீபகற்பத்தின் மலைகளுக்கு இடையில் உள்ளவை சிறியவை. ஆண்டுக்குச் சில மீட்டரே நகர்பவை. அவற்றின் முனை நிலத்திலேயே முடிகிறது. அவை பெரும்பாலும் மேற்பரப்பு உருகுவதால் மட்டுமே தேய்கின்றன. ஃபியோர்டின் கிழக்குக் கோடியில் உள்ள குரோனெபிரேன் போன்றவை மிகப் பெரியவை. அவற்றின் முனை கடலுக்குள் செங்குத்தான சுவராக நிற்கிறது. இவற்றைக் கடல்முனைப் பனியாறுகள் எனலாம். குரோனெபிரேனின் முனைப்பகுதி ஒரு நாளைக்கே 2 மீட்டருக்கு மேல் நகரக்கூடியது. கடல்முனைப் பனியாற்றை மேலே காற்றும் வெயிலும் உருக்குவதோடு, நீருக்கடியில் கடலும் அரிக்கிறது. அடி அரிக்கப்பட்ட சுவர் துண்டு துண்டாக உடைந்து கடலில் விழுகிறது. அப்படி உடைந்து மிதக்கும் பெரிய துண்டுதான் பனிப்பாறை. ஆக, முன்பு சொன்ன அட்லாண்டிக் நீர் உள்ளே வரும் ஆண்டுகளில் ஃபியோர்டின் தலைப்பகுதியில் உள்ள பனியாறுகள் கூடுதலாக உடைவதற்கும், அதே ஆண்டில் பக்கத்து மலைப் பனியாறு வேறு அளவில் தேய்வதற்கும் காரணம் புரியும்.

### கடலின்மேல் உள்ள பனி: கடற்பனி

கடற்பனி வானத்திலிருந்து விழுந்தது அல்ல. கடல்நீரே உறைந்து உண்டானது. உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 பாகையில்தான் உறையும். உறையும்போது உப்பின் பெரும்பகுதி வெளியே தள்ளப்படுகிறது. அதனால் அடியில் உள்ள நீர் மேலும் உப்பேறிக் கனத்து மூழ்குகிறது. பனியாறு நூற்றுக்கணக்கான மீட்டர் தடிக்கக்கூடும். ஃபியோர்டில் ஒரு குளிர்காலத்தில் உருவாகும் கடற்பனியோ பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவானதே. கரையோடு ஒட்டி அசையாமல் நிற்பதைக் கரைப்பனி என்றும், காற்றில் அலைவதை மிதவைப்பனி என்றும் கூறுவர். வளையச் சீல் என்ற கடல்விலங்கு காங்ஸ்ஃபியோர்டின் கரைப்பனியில் திரண்ட பனிக்குவியல்களுக்குள் குட்டி ஈனுகிறது. கரைப்பனி குறைந்த ஆண்டுகளில் அதற்கு மறைவிடம் கிடைப்பதில்லை.

கடல் மட்டத்தைப் பற்றிய மிகப் பரவலான தவறு இங்கேதான் நேர்கிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கியிருக்கிறது என்பது ஆர்க்கிமிடீஸின் விதி. ஆகவே மிதக்கும் கடற்பனி உருகினால் கடல் மட்டம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. நிலத்தில் இருந்த பனியாறு உருகிக் கடலுக்கு ஓடினால், அல்லது உடைந்து கடலில் விழுந்தால், அப்போதுதான் கடலில் புதிதாக நீர் சேர்கிறது. இதனால் கடற்பனியின் இழப்பு பொருட்படுத்தத் தகாதது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெண்மையான பனிப்பரப்பு தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கருத்த கடல்நீர் அதை உள்வாங்கிக்கொள்கிறது. பனி குறையக் குறையக் கடல் சூடேறி, அந்தச் சூடு மேலும் பனியைக் குறைக்கிறது. உலகச் சராசரியைவிட வட துருவ வட்டாரம் பல மடங்கு விரைவாக வெப்பமடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மறுபடியும் சுருக்கமாக: பனியாறு நன்னீர், நிலத்தில் இருப்பது, உருகினால் கடல் மட்டத்தை உயர்த்துவது. கடற்பனி கடல்நீர், மிதப்பது, உருகினால் கடல் மட்டத்தை உயர்த்தாது, வெப்பத்தைக் கூட்டும்.

### மண்ணுக்குள் உள்ள பனி

மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாதது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ உறைநிலையிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தை நிரந்தர உறைநிலம் என்கிறோம். ஸ்வால்பார்டில் பள்ளத்தாக்குகளிலும் கரையோரங்களிலும் அதன் தடிமன் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் இருக்கும். உயர்ந்த மலைகளில் 400 முதல் 500 மீட்டர் வரை செல்லும். கோடையில் மேலே உள்ள ஒன்று அல்லது இரண்டு மீட்டர் மட்டும் இளகி, குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. அதை இளகும் அடுக்கு எனலாம். கீழே உறைந்த நிலம் நீரை இறங்கவிடாததால், மழையும் பனிப்பொழிவும் குறைவான இவ்விடத்தில்கூடக் கோடையில் தரை சதசதவென்று ஈரமாகவே இருக்கிறது.

இளகும் அடுக்கின் கைவண்ணத்தைத் தீபகற்பத்தின் வடமேற்குக் கோடியில் உள்ள குவாடெஹுக் சமவெளியில் காணலாம். சில மீட்டர் அகலமான கல்வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரந்து கிடக்கின்றன. நடுவில் மென்மண், சுற்றிலும் கற்களாலான வரம்பு. மனிதர் எவரும் அவற்றை அடுக்கவில்லை. மென்மண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உறையும்போது அந்த நீர் விரிந்து மண்ணை மேலே உப்பச் செய்யும். உப்பிய மேட்டிலிருந்து கற்கள் வெளிப்புறமாக நகரும். இளகும்போது மென்மண் மீண்டும் அமிழும், ஆனால் விளிம்புக்குப் போன கற்கள் அங்கேயே தங்கிவிடும். இது நெடுங்காலம் திரும்பத் திரும்ப நடந்ததன் விளைவே அந்த வட்டங்கள். இவ்வளவு ஒழுங்கான கல்வட்டங்கள் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு; நில உருவங்களை ஆராய்வோர் இந்தச் சிறு சமவெளியை நாடி வருவதில் வியப்பில்லை.

உறைதலின் இதே ஆற்றல் ஒரு தொழில் முயற்சியையும் வீழ்த்தியது. ஃபியோர்டின் எதிர்க்கரையில் உள்ள புளோம்ஸ்டிராண்டில், எர்னஸ்ட் மேன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1911இல் பளிங்குக்கல் வெட்டத் தொடங்கினார். எந்திரங்களும் வீடுகளும் கொண்டுவரப்பட்டன. ஆனால் அந்தப் பளிங்கு, நெடுங்கால உறைதலால் உள்ளுக்குள் விரிசல் கண்டிருந்தது, விற்பனைக்கு உதவவில்லை. கைவிடப்பட்ட அந்த வீடுகளில் சில, பிற்பாடு நி-ஓலெசுண்டுக்கு மாற்றப்பட்டன.

### அது தீபகற்பமா, தீவா?

மேன்ஸ்ஃபீல்டு கல் வெட்டிய காலத்தில் புளோம்ஸ்டிராண்டு ஒரு தீபகற்பம் என்றே கருதப்பட்டது. அதன் வடக்கே புளோம்ஸ்டிராண்டு பனியாறு, அதையும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவையும் இணைத்து நின்றது. பனியாறு பின்வாங்கியபோது, இணைத்திருந்தது நிலமல்ல, பனி மட்டுமே என்பது 1990களில் வெளிப்பட்டது. பனிக்கு அடியில் கடல் இருந்திருக்கிறது. இப்போது புளோம்ஸ்டிராண்டு நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவு.

பிரோகர் தீபகற்பத்துக்கு அந்த ஐயம் இல்லை. அதை ஸ்பிட்ஸ்பெர்கனோடு இணைப்பது பாறைதான். ஹட் பாயிண்ட் தீபகற்பத்தின் நிலை இன்னும் சிந்திக்கத் தக்கது. அது சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள, எரெபஸ் எரிமலையின் சரிவிலிருந்து தென்மேற்காக நீளும் எரிமலைப் பாறைமுனை. அந்த எரிமலையும் இந்த முனையும் ராஸ் தீவின் பகுதிகள். ஆனால் அந்தத் தீவின் தெற்குப் பக்கத்தில் திறந்த கடல் இல்லை. ராஸ் பனித்தட்டு அங்கே தீவை அணைத்து நிற்கிறது. பனித்தட்டு என்பது, நிலத்திலிருந்து வழிந்துவந்த பனியாறுகள் கரையை விட்டு அகலாமலேயே கடலின்மேல் மிதக்கும் பெருந்தளம். நிலத்திலிருந்து அப்பால் நடந்து செல்பவர் எந்த இடத்தில் தீவை விட்டு இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே துருவ வரைபடத்தில் கரை என்று காட்டப்படும் கோட்டைப் படிக்கும்போது, அது பாறையின் விளிம்பா, பனியின் விளிம்பா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பனியின் விளிம்பானால், அந்தக் கோடு வரையப்பட்ட ஆண்டு எது என்பதும் தெரிய வேண்டும்.

### பாறையும் அசைகிறது

பாறையின் விளிம்பாவது நிலையானதா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. பனியுகத்தின் தடித்த பனிப்பாரம் பூமியின் மேலோட்டை அழுத்தித் தாழ்த்தியிருந்தது. பாரம் நீங்கியபின் நிலம் மெல்ல உயர்கிறது. இதற்குப் பனிநீங்கு மீட்சி என்று பெயர். குவாடெஹுக் சமவெளியில் இன்றைய அலைகளுக்கு எட்டாத உயரத்தில் படிப்படியாகத் தெரியும் பழைய கடற்கரைகள் இதற்குச் சான்று. அண்மைக் காலத்தில் பனியாறுகள் தேய்வதும் இந்த உயர்வைக் கூட்டுகிறது. நி-ஓலெசுண்டில் உள்ள புவி அளவீட்டு நிலையம், நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான அளவில் உயர்வதைப் பதிவுசெய்திருக்கிறது. உலகச் சராசரிக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே உயர்வதால், இந்தக் கரையில் உள்ள அலைமட்ட அளவி, கடல் தாழ்ந்துகொண்டே போவதாகக் காட்டுகிறது. உலகெங்கும் கடல் உயரவில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு; உண்மையில் இங்கே நிலம் கடலை முந்திக்கொண்டு எழுகிறது.

நடைமுறையில் இவை அனைத்தும் ஒன்றுசேர்வது கடற்பயண வரைபடங்களில். பனியாறு பின்வாங்கிய இடத்தில் புதிதாகத் திறக்கும் நீர்ப்பரப்பின் ஆழம் எவராலும் முன்பு அளக்கப்பட்டிராது. அங்கே பனியாறு விட்டுச்சென்ற மண்மேடுகளும் பாறைகளும் நீருக்கடியில் இருக்கும். ஆகையால் ஸ்வால்பார்டின் பனியாற்று முனைகளுக்கு அருகே வரைபடத்தில் ஆழ எண்களே இல்லாத பகுதிகள் இன்றும் உண்டு. அங்கே செல்லும் கப்பல்கள் தாமே ஆழம் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் நகர வேண்டும்.